உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு நிற்காமல் புழங்கக் கற்கும் முழுமையான வழிகாட்டி

'கூடை செய்தான், பானை செய்தான், கூரை செய்தான்' என்று ஒருவர் தமிழ் பேசினால் நமக்குப் புரிந்துவிடும். ஆனால் தமிழ் தெரிந்தவர் அப்படிப் பேசமாட்டார். கூடையை முடைவார்கள், பானையை வனைவார்கள், கூரையை வேய்வார்கள். பள்ளியில் மரபு வினை என்று படித்த பாடம் இது. ஆங்கிலத்திலும் இதே சங்கதிதான். நூற்றுக்கணக்கில் சொற்களை உருப்போட்டவர்கள் எழுதும்போது சறுக்குவது பெரும்பாலும் பொருளில் இல்லை, இந்த மரபில்தான். 'மிட்டிகேட்' என்றால் 'குறை' என்று நோட்டில் இருக்கும். அதை நம்பி 'சம்பளத்தை மிட்டிகேட் செய்தார்கள்' என்று எழுதிவிடுவார்கள். சம்பளத்தை அப்படிக் குறைக்க முடியாது. ஆபத்து, சேதம், பாதிப்பு போன்ற கெட்டவற்றுக்கு மட்டுமே அந்தச் சொல்.

ஒரு சொல்லுக்கு நேரே ஓர் அர்த்தம் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, சொல்லை அதன் சுற்றத்தோடு பிடிக்கும் முறை கீழே இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் 300 சொல் அளவுக்கு ஒரு பகுதியை எடுங்கள். தெரியாத சொல்லின் கீழெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். 'ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது' என்பதும் தெரியாத கணக்கில்தான் சேரும். கோடுகள் 6க்குள் இருந்தால் நூற்றுக்கு 98 சொல் உங்களுக்குத் தெரியும். மிச்சத்தைச் சூழலை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 15ஐத் தாண்டினால் அந்த எழுத்து இப்போதைக்கு உங்களுக்குக் கனம். விளையாட்டுப் பக்கத்துக்கோ எளிய அறிவியல் கட்டுரைக்கோ இறங்கி வாருங்கள். கௌரவம் பார்த்து மேலேயே நின்றால் அகராதியைப் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

இந்த 98 விழுக்காட்டுக்கு எத்தனை சொல் வேண்டும்? நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, நாளிதழையும் நாவலையும் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை; பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிக்கல்' நான்கும் சேர்ந்து ஒரே குடும்பம். ஆகவே எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

படி 2: எந்தச் சொற்கள், எந்த வரிசையில்

அரிய சொல்லைத் தேடிப் போவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. எங்கும் காணாத ஒரு சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு, தினம் பத்து தடவை எதிர்ப்படுகிற 'அசெஸ்', 'அஸ்யூம்' போன்றவற்றை அரைகுறையாக விட்டுவிடுவார்கள்.

முதலில் அடித்தளம். வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு இவை பெரும்பாலும் தெரிந்திருக்கும். அதற்கு அடுத்த படி, ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். சுமார் 35 லட்சம் சொல் கொண்ட பாடநூல், ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பிலிருந்து சலித்தெடுத்த 570 குடும்பங்கள். அடிக்கடி வருவது முதலில் வரும்படி பத்துப் பிரிவுகளாக அடுக்கியிருக்கிறார். கல்வித்துறை எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்கு 5 குடும்பம், வாரத்தில் 6 நாள் என்று போனால் 19 வாரத்தில் முடிந்துவிடும். ஏழாம் நாள் புதிய சொல் கிடையாது.

அதற்குப் பிறகு பட்டியல் உங்கள் தேவையைப் பொறுத்தது. எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு எழுதுகிறவருக்கு ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று கேள்வி வரும். அங்கே பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகள் 2011இலேயே எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள்தான், அதனால் சூழல் முக்கியம். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். அங்கே சொல்லை நீங்களே எழுதிக் காட்ட வேண்டும். தவறான இடத்தில் வைத்த பெரிய சொல்லைவிடச் சரியான இடத்தில் வைத்த எளிய சொல் எவ்வளவோ மேல்.

படி 3: ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை

நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதும் முறையில் ஒரு கோளாறு உண்டு. நாலு நாளில் சொல்லை அதன் பொருளால் இல்லாமல், பக்கத்தில் அது இருந்த இடத்தால் நினைவு வைக்கத் தொடங்கிவிடுவோம். 'மூன்றாவது வரி, அதனால் இதுதான்' என்று மனம் சொல்லும். தபால் அட்டையில் பாதி அளவுள்ள தனி அட்டைகளாக வெட்டிக்கொண்டால் வரிசையைக் கலைக்கலாம்.

முன்பக்கத்தில் சொல்லை எழுதாதீர்கள். அந்தச் சொல் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, படித்த வாக்கியத்தையே எழுதுங்கள். முதல் எழுத்தை மட்டும் குறிப்பாகத் தரலாம். பின்பக்கத்தில் சொல், அழுத்தம் விழும் அசை, ஆங்கிலத்திலேயே ஒரு வரி விளக்கம், அதோடு கூடி வரும் இரண்டு மூன்று சொற்கள், அதற்குப் பின் வரும் முன்னிடைச்சொல் ('ஆஃப்', 'வித்', 'ஃபார்' போன்ற 'பிரிபொசிஷன்'). தமிழ்ப் பொருள் கடைசியில், சிறிய எழுத்தில்.

ஆங்கில விளக்கத்துக்குத் தாய்மொழியாளருக்கான பெரிய அகராதி சரிப்படாது. ஒரு சொல்லை விளக்க அதைவிடக் கடினமான மூன்று சொற்களைப் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவருக்கென்றே எழுதிய கற்போர் அகராதி வேண்டும். லாங்மன் கற்போர் அகராதி எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுகிறது. கூடி வரும் சொற்களையும் காட்டும்.

முன்னிடைச்சொல்லுக்குத் தனி இடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'அவனைத் திட்டினான்', 'அவனோடு சண்டையிட்டான்', 'அவனுக்கு உதவினான்' என்று வினை தனக்கான உருபைக் கேட்டு வாங்குகிறது அல்லவா? ஆங்கிலத்தில் அந்த வேலையை முன்னிடைச்சொல் செய்கிறது. 'குற்றம் சாட்டு' என்ற ஒரே பொருளில் வரும் மூன்று வினைகளைப் பாருங்கள்: 'அக்யூஸ்' போட்டால் 'ஆஃப்', 'சார்ஜ்' போட்டால் 'வித்', 'பிளேம்' போட்டால் 'ஃபார்'. மாற்றிப் போட்டால் உருபு மாறிய தமிழ் மாதிரி காதில் இடிக்கும். நம் வாக்கியங்களில் ஓயாமல் வரும் 'டிஸ்கஸ் அபவுட்', 'எம்ஃபசைஸ் ஆன்' இரண்டும் தமிழின் 'பற்றி', 'மீது' கொண்டுவந்து சேர்த்த பிழைகள். அந்த வினைகளுக்கு முன்னிடைச்சொல்லே வேண்டாம். 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' அதிகப்படி.

படி 4: ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

இருமொழி அகராதி ஏமாற்றும் இடம் இது. 'தணி' என்ற தமிழ் வினை தாகத்துக்கும் வலிக்கும் கோபத்துக்கும் பயத்துக்கும் பொதுவாக வரும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள். தாகத்தைத் தணிப்பது 'குவென்ச்'. அதே சொல் தீயை அணைக்கவும் வரும். வலி, துன்பம், வறுமை என்றால் 'அலீவியேட்': வேரோடு அழிக்காமல் சுமையை இலேசாக்குவது. பயம், சந்தேகம், கவலை என்றால் 'அலே'. கோபத்தில் இருக்கும் மனிதரைச் சமாதானப்படுத்துவது 'பிளக்கேட்'. இதற்குச் செயப்படுபொருள் ஆள், கோபம் அல்ல. குற்ற உணர்ச்சி, துக்கம், பசி போன்றவற்றை ஆற்றுவது 'அஸ்வேஜ்'. வரப்போகும் பாதிப்பின் கடுமையைக் குறைப்பது 'மிட்டிகேட்'. மென்மை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தது. பருவநிலை மாற்றம் பற்றிய அறிக்கைகளில் 'மிட்டிகேஷன்' தினம் வருவதும், நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் சூழலை 'மிட்டிகேட்டிங்' என்பதும் இந்த வழியில்தான். 'மிட்டிகேட் எகென்ஸ்ட்' என்று எழுதினால் தவறு. அங்கே வர வேண்டியது 'மிலிட்டேட் எகென்ஸ்ட்', அதாவது ஒன்றுக்குத் தடையாக நிற்பது. படித்தவர்களே தடுமாறும் இடம்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஆறையும் ஒரே நாளில் அட்டை போட்டால் ஆறும் குழம்பும். ஒத்த பொருளுள்ள புதிய சொற்களைச் சேர்த்துக் கற்றால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருபொருட் சொற்களைக் கட்டுக்கட்டாக அச்சிட்டிருக்கும் தேர்வு வழிகாட்டிகள் பயன்படாமல் போவது இதனால்தான். வாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக, வெவ்வேறு வாக்கியத்தில் பிடியுங்கள். எல்லாம் ஊன்றிய பிறகு ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைப் பாருங்கள். ஒலியில் ஒத்திருக்கும் 'அட்வர்ஸ்', 'அவர்ஸ்' போன்ற இரட்டைகளுக்கும் இதே விதி. முதலாவது 'பாதகமான', சூழலையோ விளைவையோ குறிப்பது. இரண்டாவது 'விருப்பமில்லாத', மனிதரைக் குறிப்பது.

எதிர்த்திசையிலும் பொறி உண்டு: தெரிந்த சொல்லின் தெரியாத முகம். 'சாங்ஷன்' ஒப்புதலும் ஆகும், தண்டனைத் தடையும் ஆகும். 'ஓவர்சைட்' மேற்பார்வை, இன்னோர் இடத்தில் கவனப்பிசகு. 'குவாலிஃபைட் சப்போர்ட்' என்றால் தகுதியுள்ள ஆதரவு அல்ல, நிபந்தனையோடு கூடிய ஆதரவு. 'ஹஸ்பண்ட்' வினையாக வந்தால் வளங்களைச் சிக்கனமாகக் கையாளுவது. 'ஃபிளாக்' வினையாக வந்தால் தளர்ந்து போவதும் ஆகலாம். வாக்கியம் இடித்தால் தெரிந்த சொல்லையும் அகராதியில் பாருங்கள். தேர்வு வைப்பவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

படி 5: சொல்லின் சூடு

சிக்கனக்காரர், கஞ்சன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். மூன்றும் ஏறத்தாழ ஒரே குணம், ஆனால் மூன்றாவதை மாமனாரைப் பற்றிச் சபையில் சொல்ல முடியாது. 'திரிஃப்டி' பாராட்டு. 'ஃப்ரூகல்' நடுநிலை, கொஞ்சம் மதிப்பு சேர்ந்தது; எளிய சாப்பாட்டுக்கும் வரும். 'ஸ்டிஞ்சி' பேச்சுவழக்கு வசவு. 'பார்சிமோனியஸ்' அதே வசவுக்குக் கோட் சூட் போட்டது. அட்டையின் மூலையில் கூட்டல், கழித்தல், பூச்சியம் என்று ஒரு குறி போடுங்கள். பேச்சா எழுத்தா என்று இன்னொரு குறி. 'டெனேஷஸ்' கூட்டல், 'ஆப்ஸ்டினேட்' கழித்தல். தமிழில் இரண்டையும் 'விடாப்பிடி' என்றே எழுதி வைத்திருப்பீர்கள்.

படி 6: வேர்ச்சொல், அளவோடு

'படிக்காதவர்களுக்கு' என்ற சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிக்கப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. 'லொக்கு' என்ற லத்தீன் வேர் பேச்சு. 'எலொக்குவென்ட்' நாவன்மையுள்ள, 'லொக்குவேஷஸ்' வளவளவென்று பேசுகிற, 'கலோக்வியல்' பேச்சுவழக்கான, 'சலிலக்வி' தனிமொழி, 'சர்க்கம்லொக்யூஷன்' சுற்றி வளைத்துப் பேசுவது. 'கிரெட்' என்றால் நம்பிக்கை. 'கிரெடிபிள்' நம்பத்தக்கது, 'கிரெடுலஸ்' எதையும் நம்பிவிடுகிறவர், 'இன்கிரெடுலஸ்' நம்ப மறுக்கிறவர். செய்தி 'இன்கிரெடிபிள்', கேட்டவர் 'இன்கிரெடுலஸ்'.

வேர் நினைவில் நிறுத்த உதவும், பொருள் ஊகிக்க எப்போதும் உதவாது. 'எனர்வேட்' எனர்ஜி மாதிரி இருக்கிறது. பொருளோ வலுவை உறிஞ்சிவிடுவது. 'நாய்சம்' சத்தம் அல்ல, குமட்டும் நாற்றம். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பது அல்ல, கட்டுக்கு அடங்காமல் முரண்டு பிடிப்பது. 'இன்ஃபிளாமபிள்' தீப்பற்றாதது என்று நினைத்தால் ஆபத்து. தீப்பற்றக்கூடியது என்றுதான் அர்த்தம். ஊகித்ததை ஒரு தடவை அகராதியில் சரிபார்க்காமல் அட்டையில் ஏற்றாதீர்கள். நம் ஊரிலிருந்து போன சொல்லையே நம்ப முடியாது: கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆனபோது, கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்ற பொருள் போய் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது.

வேர் கைகொடுக்காத சொற்களுக்குத் தமிழ் ஒலியையே கொக்கியாக மாட்டலாம். 'ஆரிட்' என்றால் வறண்ட, அங்கே தண்ணீர் அரிது. 'பாசிட்டி' என்றால் பற்றாக்குறை: குளம் வற்றிப் பாசி மட்டும் மிச்சம். 'நேடிர்' என்றால் அடிமட்டம், நாதியற்ற நிலை. கொக்கி பொருள் அல்ல, பொருளைத் தொங்கவிடும் ஆணி. சொல் தானாக வரத் தொடங்கியதும் அதை மறந்துவிடலாம்.

படி 7: வாய்விட்டுச் சொல்லுங்கள்

கண்ணால் மட்டும் கற்ற சொல் காதில் விழும்போது அடையாளம் தெரியாது. 'சட்டில்' என்ற சொல்லில் 'பி' எழுத்து ஒலிக்காது. குற்றஞ்சாட்டும் 'இன்டைட்' சொல்லில் 'சி' ஒலிக்காது. இடிபாடுகளைக் குறிக்கும் சொல் 'டெப்ரீ', கடைசி எழுத்து ஊமை. 'எபிட்டமி', 'ஹைப்பர்பலி' இரண்டிலும் கடைசி 'ஈ' ஒலிக்கும். அவற்றை 'எபிடோம்', 'ஹைப்பர்போல்' என்று படிப்பவர் ஏராளம். கோணலாகிப் போவதைச் சொல்லும் சொல் 'அரை', 'ஆரி' அல்ல.

இதைவிட முக்கியம் அழுத்தம். தமிழில் எல்லா அசையும் ஏறத்தாழச் சம எடையில் போகும். ஆங்கிலத்தில் ஓர் அசை தலைதூக்கும், மற்றவை பதுங்கும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில் அழுத்தம் வாங்கும். பெரிய சொற்களுக்கு ஒரு விதி பெரும்பாலும் கைகொடுக்கும்: 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அந்த முடிவுக்கு முந்தின அசையில் அழுத்தம். அட்டையில் அந்த அசைக்குக் கீழே கோடு போட்டு, கற்போர் அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டு மூன்று தடவை உரக்கச் சொல்லுங்கள்.

படி 8: மறக்கும் முன் திரும்பப் பாருங்கள்

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியையே அளந்து 1885இல் வெளியிட்டார்: முதல் சில மணி நேரத்தில்தான் இழப்பு மிக அதிகம், பிறகு சரிவு மெதுவாகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 60 சொல் படிப்பதைவிடத் தினம் 10 நிமிடம் மேல்.

ஐந்து அட்டைப் பெட்டிகள் போதும். செருப்புப் பெட்டியில் தடுப்பு வைத்தாலும் சரி. புதிய அட்டை முதல் பெட்டியில், அதைத் தினம் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு நகரும். இரண்டாவதை 3 நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவதை 7 நாளுக்கு, நான்காவதை 14 நாளுக்கு, ஐந்தாவதை மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். எந்தப் பெட்டியில் தவறினாலும் மறுபடி முதலாவதுக்கு வந்துவிடும். செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய இந்த முறையைத்தான் கைபேசிச் செயலிகள் கணக்குப் போட்டுச் செய்கின்றன. 'அங்கி' செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் நாளுக்கு 20 புதிய அட்டை என்ற அதன் இயல்பு அமைப்பை உடனே 5 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில வாரத்தில் தினம் பார்க்க வேண்டியவை நூற்றைத் தாண்டும். நான்கு நாள் விடுபட்டால் குவியலைப் பார்த்தே செயலியை அழித்துவிடுவீர்கள்.

அட்டையைத் திருப்பும் முன் விடையை வாயால் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்த்து 'ஆமாம், இதுதான் நினைத்தேன்' என்பது கற்றதாகாது.

படி 9: எழுதுங்கள், பேசுங்கள்

மூன்றாவது பெட்டியைத் தொட்ட சொல்லை வைத்து உங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு வாக்கியம் எழுதுங்கள். அகராதி வாக்கியத்தை மாற்றி எழுதினால் போதாது. உங்கள் தெரு, அலுவலகம், நேற்றுப் படித்த செய்தி வர வேண்டும். எழுதியதும் அந்தச் சொல்லையும் பக்கத்துச் சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். பெரிய நாளிதழ்களிலும் பல்கலைக்கழகப் பக்கங்களிலும் அதே சேர்க்கை வந்தால் மரபு சரி. எங்கோ நாலைந்து இடத்தில் மட்டும் வந்தால் நீங்கள் கூரையை வனைந்திருக்கிறீர்கள்.

ஒரு பத்திக்கு இரண்டு புதிய சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். 'யூஸ்' போதும் இடத்தில் 'யூட்டிலைஸ்' எதற்கு? நண்பருக்கு அனுப்பும் செய்தியில் 'கமென்ஸ்' வந்தால் அவர் சிரிப்பார்.

நேரக் கணக்கு: காலையில் 10 நிமிடம் பெட்டி, பகலில் 15 நிமிடம் படிப்பு, அதிலிருந்தே ஐந்து சொல் பொறுக்க வேண்டும், இரவு 10 நிமிடம் அட்டை எழுத, 5 நிமிடம் உரக்கச் சொல்ல. மொத்தம் 40 நிமிடம். நேரம் குறையும் நாளில் புதிய சொல்லை விடலாம், பெட்டியை விடக் கூடாது.

மாதக் கடைசியில் முதல் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏழெட்டுத் தடவை தவறியும் அங்கேயே கிடக்கும் அட்டைகள் சில இருக்கும். குறை பெரும்பாலும் அட்டையில்தான்: வாக்கியம் மொட்டையாக இருக்கும், அல்லது பக்கத்துப் பெட்டியில் அதன் இரட்டை உட்கார்ந்திருக்கும். வேறு வாக்கியம் தேடி அட்டையைப் புதிதாக எழுதுங்கள். இரட்டை இருந்தால் இரண்டில் ஒன்றை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். அப்படியும் ஒட்டாத சொல், நீங்கள் படிக்கும் எதிலும் மறுபடி எதிர்ப்படவில்லை என்றால், கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.